பேச வந்தவள்

லேப்டாப்பில் படம் வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

ஜெஸிந்தா அதை வைத்தே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

குன்னூர் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினெட்டுப் பேர் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்த பிறகுதான் டீ என்று வார்டன் செல்லதுரை சொல்லியிருந்ததால் யாரும் எழுந்து போகவில்லை.

ஜெஸிந்தா நடுவட்டத்துக்காரி. வயது அறுபத்தொன்பது. இருபத்திரண்டு வருஷம் இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். அங்கே ஒரு கிழவிக்கு ஆப்பரா என்கிற பாட்டு நாடகம் என்றால் உயிர். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவளுக்கும் ஒரு டிக்கெட் கிடைக்கும். முதல் வருஷம் ஜெஸிந்தா தூங்கினாள். இரண்டாவது வருஷம் அழுதாள்.

ஊர் திரும்பி, தம்பி வீட்டுப் பின்னறையில் அந்தப் பாட்டுகளைப் போட்டால், என்ன இது ஒப்பாரி என்று கதவைச் சாத்தினார்கள்.

அதனால்தான் ஊட்டியில் ஒரு நூலகத்தில் கேட்டு, மாதம் ஒரு சனிக்கிழமை ஆப்பராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மழை பெய்தால் ஒதுங்க வந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். வெயிலடித்தால் நூலகர் மட்டும்.

இங்கே பதினெட்டுப் பேர்.

கதையைச் சொன்னாள். துறைமுக ஊர். ரொட்டி சுடுகிறவரின் மகள். அப்பன் பாடுகிறான், அண்ணன் பாடுகிறான், கட்டிக்கொள்ளப் போகிறவன் பாடுகிறான். எல்லாம் அவளைப் பற்றித்தான். அவளுக்கு மட்டும் பாட்டே இல்லை. கடைசியில் காய்ச்சலில் விழுகிறாள். சாவதற்கு முன்னால் ஏழு நிமிஷம் பாடுகிறாள். மைக் கிடையாது, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

அந்த ஏழு நிமிஷத்தைப் போட்டாள். யாரோ இருமினார்கள். ஒருவர் காது மிஷினைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

முன்வரிசையில் சசிகலா கையைத் தூக்கினாள். எமரால்டு கிராமத்துப் பக்கம் கேரட் பயிர் போட்டுக்கொண்டிருந்தவள்.

“ஏனுங்க, சாகப்போற பொம்பளைக்கு இத்தனை மூச்சு எங்கிருந்துங்க வருது?”

கூடமே சிரித்தது. ஜெஸிந்தா சிரிக்கவில்லை.

“அதுவரைக்கும் அவளை யாரும் பேசவே விடலீங்க. அந்த மூச்செல்லாம் உள்ளேயேதான் இருந்துச்சு.”

சிரிப்பு அடங்கிவிட்டது.

டீ வந்தது. பனி இறங்குகிறது, ஊட்டியில் பஸ் மாற வேண்டுமே, சீக்கிரம் கிளம்புங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அடுத்த மாதமும் வருவீர்களா என்று சசிகலா கேட்டாள்.

ஜெஸிந்தா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான் பஸ்ஸுக்குப் போகலீங்க. ஒன்பதாம் நம்பர் ரூமு எனக்குத்தான் குடுத்திருக்காங்க.”

போன வாரமே வந்து கையெழுத்துப் போட்டிருந்தாள். தம்பி மகன் காலையில் அவளையும் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டான். செல்லதுரையிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்தவள் என்று சொல்ல வேண்டாம், பேச வந்தவள் என்று முதலில் ஒரு தடவை உட்கார வையுங்கள்.

இத்தாலியில் இப்படி எத்தனையோ முதல் நாட்களைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் எத்தனை, ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லி முடித்த பிறகு அந்த ஆள் வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

இப்போதும் கேட்பார்கள் என்று காத்திருந்தாள். பதினெட்டுப் பேரும் அவளையே பார்த்தார்கள்.

சசிகலா தடியை ஊன்றி எழுந்தாள். சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ராத்திரிக்கு ஆப்பரா டீச்சருக்கும் சேத்து உலை வையுங்க.”