கிட்டத்துப் படம்

"முதல் நாள் சிவப்பா இருக்கும். மறுநாள் கத்திரிப்பூ நிறம். அப்புறம் பச்சை கலக்கும், கடைசியில மஞ்சளாகி மறைஞ்சே போயிடும். ஒவ்வொரு நிறமும் படத்துல அப்படியே வரணும்."

சொன்னவளின் கழுத்தில் ஒரு பழைய கேமரா தொங்கியது. பேசும்போதே கடையின் கண்ணாடிக் கதவை ஒருமுறை, பக்கத்தில் நின்ற கணவனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இருக்கிற லென்ஸை வச்சுக் கிட்டப் போனா மங்கிடுதா மேடம்?" என்றாள் கடைப்பெண்.

"ஆமா. ஒரே கலங்கலா விழுது."

"அப்ப மேக்ரோ லென்ஸ்தான் சரி. கடுகைக்கூடப் பூசணிக்காய் மாதிரி காட்டும்."

நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, இரண்டு லென்ஸ்களைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தாள். "நீளமானதையே எடுத்துக்குங்க. கொஞ்சம் தள்ளி நின்னே எடுக்கலாம். குட்டையை வச்சா முட்டற மாதிரி நெருங்கணும், பூச்சியெல்லாம் பறந்துடும்."

"இது எங்கயும் போகாது."

"எங்க போகும்? மாடி பூரா செடி வச்சிருக்காளே!" என்று கணவன் சிரித்தான். "பூ, புழு, எறும்பு, எதையும் விடறதில்ல. எங்க வீட்ல எறும்புக்கு என்னைவிட மரியாதை ஜாஸ்திம்மா."

கடைப்பெண்ணும் சிரித்துவிட்டாள். கலகலப்பான மனிதன்தான், ஆனால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை அவனால். சாவிக்கொத்தைக் குலுக்கினான். மூலையில் இருந்த ஸ்டாண்டை விரித்தான், மடக்கினான், மறுபடி வந்து மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டான். அவன் சட்டைப் பையில் இருந்த இரண்டு ஃபோன்களில் ஒன்று அடித்தது.

"உங்கம்மாதான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தானே எடுத்துப் பேசினான். "கடையில இருக்கோம் அத்தை. அவ அப்புறம் பேசுவா."

கடைப்பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடைக்கு வருகிற புருஷன்மார்களில் பாதிப் பேர், பெண்டாட்டி கேமராவைத் தொட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். இவனோ வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வந்திருக்கிறான், மாமியாரிடமும் முகம் கொடுத்துப் பேசுகிறான். கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கொடுத்துவைத்தவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு லென்ஸ்களையும் மாற்றி மாற்றிக் கையில் தூக்கி எடை பார்த்தாள்.

"இதுல எதை ஒரே கையால பிடிச்சு எடுக்கலாம்?"

"ஒரே கையாலயா? ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தானே மேடம் ஆடாது?"

"இன்னொரு கை காலியா இருக்காது."

"செடியைப் பிடிச்சுக்கணும்ல!" என்று கணவன் முந்திக்கொண்டான். "காத்துல ஒரு இலை ஆடினாக்கூட இவளுக்குப் பொறுக்காது."

மனைவி குட்டை லென்ஸை வலது கையில் மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்படின்னா குட்டையானதுதான். எடை குறைச்சல், கை நடுங்கினாலும் சமாளிச்சுக்கும். ஆனா ரொம்ப நெருங்கினா கேமராவோட நிழலே விழுந்துடும். ஜன்னல் வெளிச்சமாப் பாத்து எடுங்க."

"ஜன்னல் இருக்கு" என்றாள் அவள். "இதையே கொடுங்க."

கடைப்பெண் விலையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கணவன் அட்டையை நீட்டிவிட்டான். "விலையை யாரு கேட்டா? இவ ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். அந்தக் கேமராவுல என்ன எடுக்கிறா, ஏது எடுக்கிறான்னு நான் திறந்துகூடப் பாக்கறதில்லம்மா. எல்லாம் புழுவும் பூச்சியும்!"

ரசீது கைக்கு வருவதற்குள் வெளியே ஹாரன் காதைப் பிளந்தது. காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "சார், உங்க வண்டி வழியை மறிக்குது. பின்னாடி லாரி நிக்குது."

"ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டானுங்களே!" கணவன் சாவியோடு கிளம்பினான். வாசலில் திரும்பி, "இங்கயே இரு, வந்துடறேன்" என்றான்.

கதவு மூடியதுதான் தாமதம். அவள் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினாள். "சீக்கிரம் மாட்டுங்க. ஒண்ணு எடுத்துப் பாத்துடணும். சரியா வரலைன்னா இப்பவே மாத்திக்கணும். மறுபடி என்னால வர முடியாது."

கடைப்பெண் பரபரவென்று லென்ஸைத் திருகி மாட்டினாள். "எதை எடுக்கறது மேடம்? இந்த பிளாஸ்டிக் ரோஜாவை எடுத்துப் பாக்கலாமா?"

அதற்குள் அவள் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, துணியைத் தோள்வரை ஏற்றிக்கொண்டிருந்தாள். விளக்குக்குக் கீழே, கண்ணாடி மேசைமேல் இடது கையை நீட்டி வைத்தாள்.

"இதை எடுங்க. மறையறதுக்குள்ள படம் வேணும்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

கடைப்பெண் குனிந்தாள், நெருங்கினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

வெளியே வண்டிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. கடைப்பெண் தானே அந்தச் சட்டைக்கையை மெல்ல இறக்கிப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே சொன்னாள்.

"அஞ்சு விரல் தடமும் தெளிவா விழுந்திருக்கு அக்கா."