ஒன்றரை கிலோ

"உங்கப்பன் பொய்த் தராசுன்னு சொன்னான் பாரு, அது இதுதான். ஏறி நில்லு. சரியான எடையைப் பார்த்துட்டுப் போய் அவன்கிட்டயும் சொல்லு."

அருள்மொழி வேர்வை சொட்டச் சொட்ட ஏறி நின்றாள். குரங்கணி ரோட்டில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தாள்.

ராக்கையா கம்பியில் குண்டை நகர்த்தினார். நாற்பத்தைந்தரை.

போடியில் அந்த ஏலக்காய்க் கடையில் முப்பது வருஷமாக மூட்டை நிறுப்பவர் அவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் அப்பன் சுருளிவேல் பத்துப் பேர் பார்க்கக் கேட்டுவிட்டான். வீட்டில் ஐம்பது கிலோ நிறுத்துக் கட்டிய மூட்டை இங்கே எப்படி நாற்பத்தெட்டரை ஆனது, ஒன்றரை கிலோவை யார் முழுங்கியது என்று. வழியில் காய்ந்து குறைந்திருக்கும் என்று ராக்கையா சொல்லிப் பார்த்தார். அவன் விடவில்லை. சாமி படத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

அன்றோடு பேச்சு முறிந்தது. சுருளிவேல் வீட்டு நல்லதுக்கும் அவர் போகவில்லை, கெட்டதுக்கும் போகவில்லை.

அந்தச் சுருளிவேல் மகள் குத்துச்சண்டை பழகுகிறாள், எடை பார்க்க இடம் தேடுகிறாள் என்று காதில் விழுந்ததும், ரோட்டில் ஓடியவளை அவரே நிறுத்திக் கூப்பிட்டார். அவன் மகளே இந்தத் தராசை நம்பி ஏறி நிற்கட்டும்.

தேனியில் இன்னும் இரண்டு மாதத்தில் மாவட்டக் குத்துச்சண்டை அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு. அவள் பிரிவுக்கு நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், ஐம்பதைத் தாண்டக் கூடாது. இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும்.

அவள் தின்கிற தீனியைக் கேட்டு ராக்கையாவுக்குத் தலை சுற்றியது. காலையில் ஓட்டம், ஆறு முட்டை. பத்து மணிக்கு வேர்க்கடலையும் வெல்லமும். மத்தியானம் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு. சாயந்திரம் பயிற்சி, அப்புறம் நாலு வாழைப்பழம்.

"ஏத்தா, ஒடம்பு ஏறணும்னா உக்காந்து தின்னு. எறங்கணும்னா ஓடு. ரெண்டையும் சேத்துச் செஞ்சா தராசு எந்தப் பக்கந்தான் சாயும்?"

"ஓடலேன்னா ரெண்டாவது ரவுண்டுலயே மூச்சு வாங்கிரும் பெரியப்பா. திங்கலேன்னா ரிங்குக்குள்ளயே விட மாட்டாங்க."

"ஒங்க வீட்டுச் சோறு ஒட்டாது. அதான் சங்கதி."

அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

வாரங்கள் போயின. கன்னம் உப்பியது, சட்டை தோளில் பிடித்தது. தராசு மட்டும் நத்தை மாதிரி நகர்ந்தது. உள்ளே காய் பொறுக்குகிற குருவம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள நல்லா பூசுனாப்புல ஆயிட்டா. ஒங்க தராசுக்குத்தான் கண்ணு தெரியல" என்றாள். ராக்கையா அவளை ஒரு முறை முறைத்தார். இத்தனையும் தின்று அது எங்கேதான் போகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் வீட்டிலிருந்து நாலு முட்டை அவித்துக் கொண்டுவந்தார். தன் தராசுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதே, அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் அதுவே ஆறு முட்டை ஆயிற்று.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் குண்டு நாற்பத்தெட்டே காலில் நின்றது. அருள்மொழி தராசிலேயே குதித்தாள்.

"கால் கிலோவை நம்பிப் போகாதே. வெளிய போயிட்டு வந்தா அது போச்சு. இன்னும் ஒரு கிலோ ஏத்திக்க" என்றார் ராக்கையா. மறுநாள் அவரே பரோட்டா வாங்கிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து தின்னவைத்தார். ஏற்றி நிறுத்தினார். நாற்பத்தொன்பது கிலோ இருநூறு.

"இனிமே கவலை இல்லாமப் போ ஆத்தா" என்றார்.

திங்கட்கிழமை அவள் ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்னத்தா, தோத்துட்டியா?"

"ரிங்குக்குள்ளயே போகலை பெரியப்பா. அங்க அம்பது கிலோ எழுநூறு காட்டுச்சு. ஒரு மணி நேரம் குடுத்தாங்க. வெயில்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு கிரவுண்டைச் சுத்திச் சுத்தி ஓடுனேன். முந்நூறுதான் எறங்குச்சு."

"அந்த மிஷின் பொய்யி."

"எல்லாப் பிள்ளைகளும் அதுலதான் ஏறுச்சுக."

ராக்கையா தராசுக் குண்டைப் பிடித்துக் கம்பியின் ஓரத்துக்குத் தள்ளினார்.

அவள் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "போற வழியில கண்டதையும் தின்னுட்டேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன். இந்தத் தராசைப் பத்திப் பேசவே இல்லை. நீங்க முட்டையெல்லாம் கொண்டாந்து குடுத்தீங்கள்ல."

அவள் போய்விட்டாள்.

ராக்கையா விரல் விட்டு எண்ணினார். ஐம்பது எழுநூறு. நாற்பத்தொன்பது இருநூறு. மறுபடியும் எண்ணினார். இரண்டு தடவையும் அதே ஒன்றரைதான் வந்தது. இதில் எவன் கை வைத்திருப்பான்? முதலாளியா, லோடு இறக்க வருகிற பயல்களா? ஒன்றும் புரியவில்லை. நேர்த் தராசு, நேர்த் தராசு என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது நேராகிப் போயிருந்தது.

கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மண்டிபோட்டு உட்கார்ந்தார். தராசுக்கு அடியில், இருட்டுக்குள் கையை விட்டார்.

ஈயக்கட்டி அங்கேதான் இருந்தது. துழாவ வேண்டியிருக்கவில்லை. கை நேராக அதன்மேல் போய் நின்றது, கட்டிவைத்த கையாயிற்றே.