கை பட்டிட்டுது

ஆர்த்திகா தகப்பனின் கடதாசியை விரித்தாள். நான் வாசற்படியை விட்டு உள்ளே போகவில்லை.

“கந்தப்போடியண்ணன், ஏன் அங்கேயே நிக்கிறீங்க? செருப்புக் களவு போயிருமெண்டா?” என்றார் விளையாட்டுக் கழகத் தலைவர் வினாயகமூர்த்தி.

கூட்டம் சிரித்தது.

போகும்தான். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை.

ஆர்த்திகாவின் தகப்பன் அருமைநாயகம் செத்து முப்பத்தொரு நாள். ஐம்பது வருசமாக இந்தக் கழகத்தில், வாவிப் பக்கத்து யன்னலடியில் கரம் பலகையில் காய் சுண்டி விளையாடியவன். எதிரே இருந்தது பெரும்பாலும் நான்.

வெளியூரில் ஒரு கிண்ணம் வென்றதில்லை. ஆனால் விரல் தவறிக் காயில் உரசினால், நான் காணாவிட்டாலும், “கை பட்டிட்டுது” என்று தானே சொல்லுவான். குழியில் விழுந்த காயை எடுத்துத் திரும்ப வைப்பான். அதனால் ஊரில் வேலிச் சண்டைக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அருமைநாயகம் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாயால்தான் ஒருநாள் சொல்லிவிட்டான், தொண்ணூறில் வந்த தலையாட்டி யாரென்று தனக்குத் தெரியும் என்று.

அந்தத் தொண்ணூறில் ஒருநாள் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. இதே கழகத்து மைதானத்தில் ஆம்பிளைகளை வரிசையில் விட்டார்கள். ஜீப்பில், சாக்கால் தலையை மூடிக்கொண்டு ஒருவன் இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். தலையாட்டினால் லொறி. ஆட்டாவிட்டால் வீடு.

பதினொரு பேரை ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

மங்கையற்கரசியின் புருசனும் அந்த லொறியில் போனவன். “ஆரெண்டு மட்டும் சொல்லுங்க” என்று எத்தனை தரம் அருமைநாயகத்தின் காலைப் பிடித்திருப்பாள். “நான் செத்தாப் பிறகு தெரியும்” என்பான், காயை அடுக்கிக்கொண்டே.

இப்போது அவள் முன்வரிசையில் இருக்கிறாள்.

“வாசி புள்ள,” என்றார் வினாயகமூர்த்தி.

முதலில் கழகத்துக்கு நன்றி. மறுகா, கரம் பலகையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு வரி. அதோடு ஆர்த்திகாவின் குரல் நின்றது. கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் இருந்து ஒழுங்கை வரை எத்தனை அடி என்று பார்த்தேன்.

“என்னகா எழுதியிருக்கு? வாசி!”

ஆர்த்திகா வாசித்தாள்.

“தொண்ணூறில் அந்தச் சாக்குக்குள் இருந்தவன் நான்தான்.”

ஒருவரும் சந்தேகப்படவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள்.

மங்கையற்கரசி எழும்பிப் போய் அருமைநாயகத்தின் படத்தில் கிடந்த மாலையைப் பிய்த்து நிலத்தில் போட்டாள். வினாயகமூர்த்தி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். ஆர்த்திகாவின் பக்கத்தில் இருந்தவர்கள் கதிரையைத் தள்ளிப் போட்டார்கள்.

“இவ்வளவு காலம் எதிரே இருந்து விளையாடினீங்களே அண்ணன், ஒருநாளும் உங்களுக்கு விளங்கல்லையா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அன்று மைதானத்திலும் ஆட்டினேன். அருமைநாயகத்துக்கு முன்னால் வந்தவனுக்கு. பின்னால் வந்தவனுக்கு.

அவன் வந்தபோது மட்டும் ஆட்டவில்லை.