நிறம் ஏறாத இடம்

அந்த ஓர் இடத்தில் மட்டும் நிறம் ஏறவில்லை.

அவள் பிரஷ்ஷைக் கழுவி, மறுபடி தோய்த்து, மறுபடி இழுத்தாள். மற்ற இடமெல்லாம் சமர்த்தாகக் குடித்துக்கொண்ட துணி, அங்கே மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெயிண்ட் சொட்டுச் சொட்டாக உருண்டு நின்றது.

சோபாவின் வலது மூலை. சாய்ந்தால் தலை படுகிற உயரம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்.

விடுவதாக இல்லை அவள்.

காலையில் கணவர் குணசீலன் வேலைக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தது. புது சோபாவே வாங்கிவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். புதிது வாங்கினால் அதில் உட்கார நான் இருக்க வேண்டுமே என்று இவள் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. பெயிண்ட் அடித்தால் போதும் என்றாள்.

பழையதை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய மாதங்கள் முழுக்க அதில்தான் கிடந்தாள். சந்தன நிறத் துணி. ஒன்றையும் மறைக்கத் தெரியாது. கஞ்சி சிந்திய இடம். டானிக் கவிழ்ந்த இடம். சிவப்பு மருந்து ஏற்றிய அன்று, பாத்ரூம் வரை போக முடியாமல் போன இடம்.

பார்க்க வருகிறவர்கள் அந்தக் கறைகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நுனியில் உட்காருவார்கள். காபி வேண்டாம் என்பார்கள்.

போன வாரம் டாக்டர் சொன்னார்.

"எல்லாம் சுத்தமா இருக்கும்மா. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்தாப் போதும்."

குணசீலன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். இவள்தான் ஆட்டோ பிடித்தாள்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தங்கை போன் செய்து பொங்கலுக்கு வரச் சொன்னாள். "பார்க்கலாம்" என்றாள். யார் எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் பதில்.

நீலத்தையும் பச்சையையும் கலந்து மயில்கழுத்து நிறம் கொண்டுவந்திருந்தாள். துணியில் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். மெல்லிசாக அடிக்க வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கென்ன, சொல்வாள்.

ஆனால் சொன்னபடிதான் நடந்தது. கஞ்சிக் கறை முதல் பூச்சிலேயே போயிற்று. டானிக் கறையும் அதன் பின்னாலேயே போயிற்று. சிவப்பு மருந்து நாளின் கறைக்குத்தான் அவள் பயந்திருந்தாள். இரண்டாவது பூச்சில் அது இருந்த இடம் தெரியவில்லை. ப்பூ, இவ்வளவுதானா நீ என்று அதைக் கேட்கத் தோன்றியது.

இந்த மூலைதான் அடங்கவில்லை.

பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். ஈரத்தை ஒற்றியெடுத்து, டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். காய்ந்ததும் அடித்தாள்.

பழையபடி உருண்டது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்து வியர்வையைத் துடைத்தாள். தனியாக இருக்கும்போதுகூட அவள் அதை அவிழ்ப்பதில்லை. முடி ஒரு விரற்கடை வந்திருந்தது. அதுவும் சுருட்டை. அவள் வம்சத்திலேயே யாருக்கும் சுருட்டை கிடையாது.

இது என்ன கறை என்று தெரிந்தாலாவது ஏதாவது செய்யலாம். குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

சோப்பு வாசனை. பெயிண்ட் வாசனை.

அதற்கும் அடியில் தேங்காய் எண்ணெய்.

யாருடைய தலை என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. குணசீலன் தலை கல்யாணத்தின்போதே பாதி காலி. எண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவள்தான்.

எண்ணெய் வழிய வாரிப் போட்ட கொண்டையோடு இந்த மூலையில் சாய்ந்து சீரியல் பார்த்தவள். "சோபா பாழாப் போகுது, ஒரு துண்டையாவது போட்டுக்கக் கூடாதா" என்று குணசீலன் கத்துவதைக் காதிலேயே வாங்காதவள். காலை நீட்டிக்கொண்டு வேர்க்கடலையைக் கொறித்தபடி, அடுத்த கோடைக்கு எந்த ஊருக்குப் போவது என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்தவள்.

அத்தனை மாதம் படுத்துக் கிடந்தவளின் சுவடு இரண்டு பூச்சில் போய்விட்டது. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. தரையில் உட்கார்ந்து, அந்த மூலையில் கையை வைத்துக்கொண்டு, இரண்டும் ஓயும் வரை அங்கேயே இருந்தாள்.

சாயங்காலம் குணசீலன் வந்தார். சோபாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"அட, புதுசாவே ஆக்கிட்டியே!"

பார்வை வலது மூலைக்கு வந்ததும் நின்றது.

"இங்க மட்டும் திட்டுத் திட்டா இருக்கு. நாளைக்கு லீவு போடுறேன். ரெண்டு பேருமா இன்னொரு தரம் அடிச்சிடலாம்."

"அது இருக்கட்டும். நீங்க கடைக்குப் போயிட்டு வாங்க. தேங்காய் எண்ணெய் வேணும்."

அப்போதுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். துணி கட்டாத தலை. பையைத் தேடுவதுபோல் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பை கதவில்தான் தொங்கியது. அது அவர் கண்ணில் படக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சின்ன பாட்டில் போதும்ல? இப்போதைக்கு?"

அவள் விரலில் காய்ந்து ஒட்டியிருந்த பெயிண்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சின்னது? ஒரு லிட்டர் டின்னா வாங்கிட்டு வாங்க."