கெடு தப்பிய பெயர்

காட்டில் அடிபட்ட எலியும் அணிலும், முயல் வைத்தியர் எந்தப் புதரில் இருக்கிறார் என்று அவரது இணையதளத்தில் பார்த்துத்தான் வைத்தியத்துக்கு வரும். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய அந்தத் தளத்தின் பெயரை, முயலுக்காகத் தன் மெயில் முகவரி கொடுத்துப் பதிவு செய்திருந்தது கிளி. பிறகு ஒரு சண்டையில், "இனி என் முகத்தில் முழிக்காதே" என்று முயல் அதை விரட்டிவிட்டது.

ஒரு வாரமாக நோயாளிகளே வரவில்லை. முயல் கிளியைத் தேடிப் போனது.

"பெயருக்குக் கெடு முடிஞ்சுபோச்சு வைத்தியரே. புதுப்பிக்கச் சொல்லி எனக்கு மூணு மெயில் வந்துச்சு" என்றது கிளி.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"உங்க முகத்துல முழிக்காம எப்படிச் சொல்றது? இப்ப நரி அந்தப் பெயரை வாங்கிடுச்சு. தளத்துல உங்க படம்கூட அப்படியே இருக்கு. புதர்தான் வேற."

முயல் அந்தப் புதருக்கு ஓடியது. வாசலில் கால் ஒடிந்த அணில் ஒன்று நின்றிருந்தது. இலைகளுக்குள்ளிருந்து, "அடுத்த ஆள் வரலாம்" என்று கனிவான குரல் கேட்டது.

"போகாதே. உள்ளே இருக்கிறது நரி. நான்தான் வைத்தியன்" என்றது முயல்.

அணில் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"போலி முயல்கள் வந்து தடுக்கும், நம்பாதீங்கன்னு தளத்துலயே போட்டிருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனது.