மறுசோறு

"நான் பேசணும் சார்."

முதல் வருடம், முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். படைப்பெழுத்துத் துறைக்கு ஒரே விதி. யாருடைய கதை விவாதத்தில் இருக்கிறதோ, அவர் வாயைத் திறக்கக் கூடாது. பேசட்டுமா என்று கேட்கவும் கூடாது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதை பேசட்டும்மா. நீ உக்காரு."

வட்டமாகப் பதினோரு நாற்காலி. பதினோரு மடியிலும் அவளுடைய கதை. நான்கு பக்கம்.

அப்பாவைப் புதைத்த சாயங்காலம். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது. அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவசரமே இல்லை. தட்டை எட்டி உதைக்க இனி ஆள் கிடையாது. மகளின் தோழி பரிமாறுகிறாள். அம்மா மறுசோறு கேட்கிறாள்.

அவ்வளவுதான் கதை.

"புருஷன் செத்த அன்னிக்கு எந்தப் பொம்பளை இப்படிச் சாப்பிடுவா?" என்றான் ஒருவன்.

"குழம்பு நல்லா இருந்திருக்கும் மாப்ள."

சிரித்தார்கள்.

அவள் சஹானாவைப் பார்த்தாள்.

மூன்று வருடமாக ஒரே விடுதி அறை. சாவுச் செய்தி வந்ததும் பஸ்ஸில் கூடவே வந்தவள். அந்தச் சோற்றைப் பரிமாறியவள். அம்மா இரண்டாவது முறை கேட்டபோது, "நல்லா சாப்பிடுங்கம்மா" என்று சோற்றில் குழி செய்து குழம்பு ஊற்றியவள்.

இதை எழுதுடி என்று பிடித்துத் தள்ளியவளும் அவள்தான். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவளுக்கு, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவளுக்கு, அந்தத் தள்ளல் வேண்டியிருந்தது.

சஹானா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்கும் அம்மா கேரக்டர் நம்பும்படியா இல்ல சார். அதிர்ச்சிக்காக வச்ச மாதிரி இருக்கு."

தாளைப் பார்த்தபடியே சொன்னாள்.

துறையின் ஆண்டுத் தொகுப்பில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். இந்தக் கதை. இல்லையென்றால் சஹானாவின் கதை.

"சஹானா. சோறு போட்டது யாருடி?"

சிரிப்பு நின்றது.

"கதையைப் பத்தி மட்டும் பேசலாமே," என்றாள் சஹானா, தாளைப் பார்த்தபடியே.

பேராசிரியர் கையமர்த்தினார். அவருக்கு யார் மீதும் கோபமில்லை.

"சாப்பிடட்டும்மா, வேண்டாம்னு சொல்லல. நடுவுல ரெண்டு சொட்டுக் கண்ணீர் வை. தொகுப்புல உன் கதையையே போட்டுடலாம்."

அம்மா அழவில்லை. அன்றைக்கும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை.

அவள் எழுந்தாள். பேராசிரியரின் கையிலிருந்த பிரதியை வாங்கினாள். அவர் மேஜையிலிருந்த பேனாவையே எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது சரிதான் சார். நம்பும்படியா இல்லாத ஆள் ஒண்ணு கதையில இருக்கு. எடுத்துடுறேன்."

"குட்," என்றார் பேராசிரியர். "விமர்சனத்தை இப்படித்தான் எடுத்துக்கணும்."

நின்றபடியே அடித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஐந்து வரி. நான்காம் பக்கத்தில் இரண்டு. ஓரத்தில் ஒன்று எழுதினாள்.

'அம்மா குண்டானை இழுத்துத் தானே போட்டுக்கொண்டாள்.'

பேராசிரியர் வாங்கிப் படித்தார். பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

"கண்ணீரைக் காணோமே. அந்த ஃப்ரெண்டுப் பொண்ணை ஏம்மா அடிச்சே? கதையில அவ ஒருத்திதானே நல்லவ."

சஹானா அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

கதையை எழுதியவள் அதற்குள் பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.