கற்பூரவல்லித் தொட்டி

ஐப்பசி மழையில் முத்தியால்பேட்டையே நசநசவென்று கிடந்தது. வேலை முடிந்து வந்த அமிர்தவல்லி, கால் கடுக்க மாடியேறினாள். நடுச்சுவரோரம் இருந்த கற்பூரவல்லியில் இன்றும் இலைகள் குறைந்திருந்தன. சுவருக்கு அப்பால் குழந்தை இருமியது.

"எல்லாம் உன் ஓரகத்தி பூவிழி வேலதான்," என்றான் கணவன் கமலக்கண்ணன்.

"தெரியும்."

"வீட்டப் பாகம் பிரிச்சதிலேர்ந்து நம்மகிட்ட பேச்சில்ல. புள்ளைக்கு இருமல்னா வாயத் தொறந்து கேக்கறதுதானே. திருடத்தான் தெரியுதா? போயி நறுக்குனு கேளு."

"சண்டைக்கெல்லாம் தெம்பில்லங்க. தொட்டிய ஒரு கை புடிங்க."

அவன் உற்சாகமாகத் தொட்டியைச் சுவரைவிட்டு இழுத்தான்.

"எங்க இழுக்கறீங்க?" என்றாள் அவள் அலுப்பாக. "அங்கயே வச்சு, இந்தப் பக்கத்தச் சுவர்ப் பக்கமாத் திருப்புங்க. அவ கைக்கு எட்டுற பக்கம் இலை தீந்துபோச்சு."